தண்டுவட நீரில் மூளைக்கட்டியின் தடம்: ஒரு கேள்வியும் நான்கு விடைகளும்

மண்டையைத் திறக்காமல், மூளைக்குள் வளரும் கட்டி இன்னதென்று அறிய முடியுமா? இந்தக் கேள்விக்கு வயது நூற்று முப்பதுக்கு மேல். மார்பிலோ கழுத்திலோ கட்டி வந்தால் ஊசியால் ஒரு துணுக்குத் திசுவை எடுத்துப் பார்ப்பது இன்று பெரிய காரியமில்லை. தேவைப்பட்டால் மறுபடியும் எடுக்கலாம். மூளை அப்படி இடம்கொடுக்கும் உறுப்பு அன்று. பேச்சையும் நடையையும் மூச்சையும் ஆளும் பகுதிகளுக்கு நடுவே புகுந்து எடுக்கும் ஒவ்வொரு துணுக்கிலும் ரத்தக்கசிவு, பக்கவாதம் போன்ற ஆபத்துகள் காத்திருக்கின்றன. சிகிச்சை தொடங்கியபின் கட்டியின் குணம் மாறியிருக்கிறதா என்று பார்க்க, சில மாதங்களுக்கு ஒருமுறை மண்டையைத் துளைக்க எந்த மருத்துவரும் துணியமாட்டார்.

எம்.ஆர்.ஐ. படம் இருக்கிறதே என்று கேட்கலாம். படம் கட்டியின் இடத்தையும் அளவையும் காட்டும். குணத்தை ஓரளவுதான் காட்டும். கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய கட்டிக்கு அறுவைக்குப்பின் கதிர்வீச்சும் டெமோசோலமைடு மருந்தும் சேர்த்துக் கொடுக்கும் முறை 2005 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தச் சிகிச்சை முடிந்த முதல் சில மாதங்களில், கட்டி இருந்த இடம் படத்தில் பெரிதாகத் தெரிவதுண்டு. சிலருக்கு அது உண்மையான வளர்ச்சி. வேறு சிலருக்கு அது சிகிச்சையால் ஏற்பட்ட வீக்கம். சில வாரங்களில் தானாக வடியும். இதைப் ‘பொய் வளர்ச்சி’ என்கிறார்கள். ஒருவருக்கு மருந்தை மாற்ற வேண்டும், மற்றவருக்கு அதே மருந்தைத் தொடர வேண்டும். இருவரின் படமும் ஒன்றுபோல் இருந்தால் முடிவெடுப்பது எப்படி?

இங்கேதான் தண்டுவட நீர் மீது மருத்துவர்களின் பார்வை திரும்புகிறது. கட்டியை ஒட்டி ஓடும் நீரில் கட்டியின் தடம் இருக்கத்தானே வேண்டும்? இந்த எதிர்பார்ப்புக்குக் காலந்தோறும் நான்கு வகை விடைகள் வந்துள்ளன. ஒவ்வொன்றும் எங்கிருந்து பிறந்தது, எதைச் சாதித்தது, எங்கே தடுமாறியது என்பதை இக்கட்டுரை வரிசைப்படுத்துகிறது.

நீரின் வழி

பெரியவர் ஒருவரின் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரின் அளவு ஏறக்குறைய 150 மில்லிலிட்டர். ஒரு டம்ளர்கூட நிறையாது. ஆனால் ஒரு நாளில் சுரப்பது சுமார் 500 மில்லிலிட்டர். ஆகவே பகலிரவுக்குள் மூன்று நான்கு முறை இந்த நீர் புதிதாகிறது. மூளையின் உள்ளறைகளில் இருக்கும் கோராய்டு பின்னல்கள் பெரும்பகுதியைச் சுரக்கின்றன. அங்கிருந்து வெளியேறும் நீர் மூளையின் மேற்பரப்பையும் முதுகுத்தண்டின் உட்குழலையும் நனைத்துவிட்டு ரத்தத்தில் கலக்கிறது.

மருத்துவமனைப் பேச்சில் ‘முதுகில் தண்ணீர் எடுப்பது’ என்று சொல்லப்படும் முறையில் இந்த நீரை அடைகிறார்கள். நோயாளி ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை வயிற்றோடு அணைத்து, முகவாயை நெஞ்சில் பதித்து வளைந்துகொள்வார். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் இரண்டு எலும்புகளின் உயரத்திலேயே முடிந்துவிடுவதால், அதற்குக் கீழே மூன்றாம் நான்காம் எலும்புகளின் இடைவெளியில் ஊசி செல்லும். மெல்லிய சவ்வு விட்டுக்கொடுப்பதை மருத்துவரின் விரல் உணரும். உள்ளூசியை உருவியதும் பளிங்குபோல் தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாகக் குழாயில் விழும். முதல் குழாய், இரண்டாம் குழாய் என்று எண்ணிட்டு ஆய்வகத்துக்குப் போகும்.

இந்த நீரோட்டத்தில் இரண்டு உண்மைகளை மனத்தில் வைக்க வேண்டும். ஒன்று, கட்டி உச்சந்தலையின் கீழ் இருக்கலாம், ஊசியோ இடுப்பில் குத்தப்படுகிறது. இரண்டு, நீர் எல்லா இடத்திலும் ஒரே தன்மையுடையது அன்று. மூளையறையில் இருப்பதைவிட இடுப்பில் எடுக்கும் நீரில் இயல்பாகவே புரதம் கூடுதல். பின்னால் வரும் பல சிக்கல்களின் வேர் இங்கேதான் இருக்கிறது.

முதல் விடை: அழுத்தமும் புரதமும்

ஜெர்மனியின் கீல் நகரில் ஹைன்ரிச் குவின்கே 1891இல் இடுப்பில் ஊசி குத்தி நீர் எடுக்கும் முறையை அறிமுகப்படுத்தினார். மண்டைக்குள் பெருகிய நீரின் அழுத்தத்தைத் தணிப்பதே அவர் நோக்கம். ஆனால் எடுத்த நீரை அளக்கவும் சோதிக்கவும் முடியும் என்றானதும் அது நோயறியும் கருவியாகிவிட்டது.

1903இல் பிரான்சின் ஜார்ஜ் ஃப்ருவான், சில நோயாளிகளின் நீர் மஞ்சளாகவும் புரதம் மிகுந்தும் எடுத்த சற்று நேரத்தில் கூழாக உறைவதாகவும் பதிவு செய்தார். தண்டுவடத்தின் நீர்வழி எங்கோ அடைபட்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளமானது. 1916இல் ஹான்ஸ் குவெக்கன்ஸ்டெட் இன்னொரு எளிய வழி சொன்னார். ஊசி முதுகில் இருக்கும்போதே கழுத்தின் இருபுற ரத்தநாளங்களையும் விரலால் அழுத்த வேண்டும். வழி திறந்திருந்தால் அழுத்தமானியில் நீர்மட்டம் உடனே ஏறும். கட்டி அடைத்திருந்தால் அசையாது நிற்கும். ஊடுகதிர்ப் படத்தில் மென்திசு தெரியாத அந்தக் காலத்தில், மறைந்திருக்கும் கட்டியை விரல் நுனியால் விசாரித்த முறை அது.

இந்த விடையின் பலவீனம் இரண்டு. புரதம் கூடுவது கட்டிக்கு மட்டும் உரிய அடையாளம் அன்று. காசநோய், சீழ், ரத்தக்கசிவு, நரம்பழற்சி எதிலும் கூடும். அதைவிடப் பெரியது ஆபத்து. மண்டைக்குள் கட்டியால் அழுத்தம் மிகுந்திருக்கையில் கீழே நீரைத் திறந்துவிட்டால், மேலிருந்து மூளை கீழ்நோக்கித் தள்ளப்பட்டு மூச்சு மையம் நசுங்கலாம். சிறுமூளைப் பகுதிக் கட்டிகளில் இந்த அச்சம் மிகுதி. லண்டனில் 1971 அக்டோபர் 1 அன்று மூளைக்கட்டி இருக்கலாம் என ஐயுற்ற ஒரு பெண்ணுக்கு முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. அதன்பின் ‘கட்டி எங்கே’ என்ற கேள்வி நீரிடமிருந்து படத்துக்குப் போய்விட்டது. ‘கட்டி எது’ என்ற கேள்வி நீரிடமே தங்கியது.

இரண்டாம் விடை: செல்லைக் கண்ணால் பார்த்தல்

கட்டியின் செல்களே நீரில் மிதந்தால் அதைவிடத் தெளிவான சான்று வேறென்ன? 1904இல் பிரான்சில் துஃபூர் என்பவர் புற்றுச் செல்களைத் தண்டுவட நீரில் கண்டதாக அறிவித்தார். அன்று தொடங்கிய செல் ஆய்வு இன்றும் மூளைச்சவ்வுக்குப் புற்று பரவியிருப்பதை உறுதிசெய்யும் அடிப்படைச் சோதனையாக நிற்கிறது.

குழந்தைகளின் சிறுமூளையில் வரும் மெடுலோபிளாஸ்டோமாவில் இதன் பயன் மிகத் தெளிவு. 1969இல் சாங் வகுத்த நிலைப்பகுப்பில், படத்தில் பரவல் ஏதும் தெரியாமல் நீரில் மட்டும் செல்கள் காணப்பட்டால் அது ‘எம்1’ என்ற தனி நிலை. அறுவையின்போது சிந்திய செல்கள் குழப்பாமலிருக்க, அறுவை முடிந்து இரண்டு வாரம் கழித்தே நீர் எடுப்பது வழக்கம். குழந்தை பெறப்போகும் கதிர்வீச்சின் அளவை முடிவுசெய்வதில் அந்தச் சில மில்லிலிட்டர் நீருக்குப் பங்குண்டு. எத்தனையோ புதிய சோதனைகள் இன்னும் எட்டிப்பிடிக்க முயலும் தகுதி இது.

ஆனால் செல் ஆய்வு தவறவிடுவது அதிகம். மூளைச்சவ்வில் புற்று பரவியவர்களைப் பற்றி 1982இல் வெளியான, பலரும் மேற்கோள் காட்டும் ஆய்வில், முதல் முறை எடுத்த நீரில் 54 விழுக்காட்டினருக்கே செல்கள் அகப்பட்டன. மறுபடி மறுபடி எடுத்தபோது அது 91 விழுக்காடாயிற்று. 1998இல் மற்றோர் ஆய்வு இதன் காரணங்களைப் பிரித்துக் காட்டியது. குறைந்தது 10.5 மில்லிலிட்டராவது எடுக்க வேண்டும், தாமதமின்றி ஆய்வுக்கு அனுப்ப வேண்டும், நோய் இருக்கும் இடத்துக்கு அருகே எடுக்க வேண்டும், முதல் முடிவு ‘இல்லை’ என்றால் மறுமுறை எடுக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகள். இவற்றில் ஒன்றுகூட விலையுயர்ந்த கருவி கேட்பதில்லை. ஆயினும் இரண்டு மூன்று மில்லிலிட்டர் மட்டும் அனுப்பிவிட்டு ‘செல் இல்லை’ என்ற முடிவை நம்பும் பழக்கம் இன்றும் மறையவில்லை.

செல்லைத் தேடும் முறையும் கூர்மையடைந்துள்ளது. லிம்போமா என்னும் நிணநீர்ச் செல் புற்று பரவும் ஆபத்துடைய 51 பேரிடம் 2005இல் நடந்த ஆய்வில், செல்களின் மேற்பரப்புக் குறிகளை ஒளியால் எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி 11 பேரிடம் நோயைக் கண்டது. நுண்ணோக்கியால் பார்க்கும் வழக்கமான முறை ஒருவரிடம் மட்டுமே கண்டது. பிற உறுப்புகளிலிருந்து பரவும் புற்றுகளுக்கு, அவற்றின் செல்களைக் காந்தத் துகளால் பிடித்து எண்ணும் முறை வந்துள்ளது. 95 நோயாளிகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்று, மில்லிலிட்டருக்கு ஒரு செல் என்ற வரம்பை வைத்தபோது, நோய் உள்ளவர்களில் 93 விழுக்காட்டினரைக் கண்டது. நோய் இல்லாதவர்களில் 95 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கியது. எனினும் இந்தக் கருவி பிடிப்பது தோல், சுரப்பி போன்ற மேற்றிசுவில் பிறந்த புற்றுச் செல்களை. மூளையிலேயே பிறக்கும் கிளையோமாக்கள் இந்த வலையில் சிக்குவதில்லை. அவை நீரில் முழுச் செல்களை உதிர்ப்பதும் அரிது.

மூன்றாம் விடை: கட்டி சுரக்கும் பொருள்கள்

செல் கிடைக்காவிட்டாலும் செல் வெளிவிடும் பொருள் கிடைக்குமல்லவா? இந்த எண்ணத்தின் மிகச் சிறந்த வெற்றி, கருவணுக் கட்டிகளில் கிடைத்தது. பீனியல் சுரப்பியின் அருகிலும் பிட்யூட்டரிக்கு மேலும் வளரும் இவை பெரும்பாலும் சிறார்களையும் இளைஞர்களையும் தாக்குகின்றன. ஜப்பானிலும் கிழக்காசியாவிலும் மேலை நாடுகளைவிட அதிகம். சில வகைகள் கருவுக்குரிய ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீனைச் சுரக்கின்றன. சில, கர்ப்பச் சோதனையில் நாம் அறிந்த எச்.சி.ஜி. ஹார்மோனைச் சுரக்கின்றன. ஐரோப்பியச் சிகிச்சைத் திட்டத்தில் முதலாவது மில்லிலிட்டருக்கு 25 நானோகிராமைத் தாண்டினாலோ, இரண்டாவது லிட்டருக்கு 50 அலகைத் தாண்டினாலோ, படமும் ஒத்துவந்தால், திசு எடுக்காமலேயே கடுமையான வகை என்று கொண்டு சிகிச்சை தொடங்கலாம். ரத்தம், தண்டுவட நீர் இரண்டிலும் அளக்கிறார்கள். ரத்தத்தில் இயல்பாக இருந்து நீரில் மட்டும் உயர்ந்திருப்பதும் உண்டு. மூளைக்கட்டிகளில் ஊசிமுனை நீர், கத்திக்கு மாற்றாக ஏற்கப்பட்ட அரிதான இடம் இது.

ஆனால் இங்கேயும் எல்லை உண்டு. ஜெர்மினோமா என்ற, கதிர்வீச்சுக்கு நன்கு கட்டுப்படும் வகை இந்தப் பொருள்களைச் சுரக்காமலோ சிறிதளவே சுரந்தோ இருக்கலாம். இந்தப் பொருள்களாகிய குறிப்பான்கள் அமைதியாக இருந்தால் திசு தேவைப்படுகிறது. நாட்டுக்கு நாடு வரம்பெண் வேறுபடுவதும் ஒரு சிக்கல்; அமெரிக்கத் திட்டங்களும் ஐரோப்பியத் திட்டங்களும் ஒரே எண்ணைப் பின்பற்றி வரவில்லை.

இரண்டாவது களம், மூளையிலேயே தோன்றும் லிம்போமா. இதில் ஸ்டீராய்டு கொடுத்தவுடன் கட்டி தற்காலிகமாகக் கரைந்து, பிறகு எடுக்கும் திசுவில் ஒன்றும் தெரியாமல் போகும் இடர் உண்டு. எனவே நீரிலிருந்து விரைவில் விடை கிடைத்தால் பெரிய உதவி. 2013இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள், சி.எக்ஸ்.சி.எல்.13, இன்டர்லியூக்கின்-10 என்ற இரு புரதங்களும் சேர்ந்து உயர்ந்திருந்தால் அது லிம்போமாவாக இருப்பதற்கான வாய்ப்பு மிகமிக அதிகம் என்று காட்டினர்: தவறாகச் சுட்டாத திறன் 99.3 விழுக்காடு, நோயைக் கண்டுபிடிக்கும் திறன் 84.2 விழுக்காடு. ஒன்றை மட்டும் நம்பினால் வழுக்கும். சி.எக்ஸ்.சி.எல்.13 நரம்பு மண்டலத்தைத் தாக்கும் சிஃபிலிஸ், லைம் நோய் ஆகியவற்றிலும் உயரும்.

மூன்றாவது கதை ஓர் எச்சரிக்கை. 1970களிலும் 80களிலும் சான் பிரான்சிஸ்கோவில் லாரன்ஸ் மார்ட்டன் குழுவினர், வேகமாகப் பெருகும் செல்களில் உருவாகும் புட்ரெசின் போன்ற பாலிஅமீன்களைத் தண்டுவட நீரில் அளந்தனர். மெடுலோபிளாஸ்டோமா திரும்புவதை முன்கூட்டியே இவை காட்டக்கூடும் என்ற அவர்கள் முடிவு அன்று பெரும் நம்பிக்கை தந்தது. ஆனால் அந்தச் சோதனை அன்றாட மருத்துவத்தில் நிலைபெறவில்லை. எம்.ஆர்.ஐ. பரவியபின் அதன் பெயரும் அருகிவிட்டது.

இந்த வரிசையில் புதியது 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட். 2008இல் கிளையோமாக்களில் ஐ.டி.எச்.1 மரபணு மாற்றம் கண்டறியப்பட்டது. மாறிய அந்த நொதி இந்தப் பொருளை அளவுக்கு மீறிச் செய்து குவிக்கிறது என்பது அடுத்த ஆண்டே தெரிந்தது. நீரில் இது உயர்ந்திருந்தால் அந்த மாற்றமுடைய கட்டி எனலாம் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. இந்த மாற்றத்தைக் குறிவைக்கும் வோராசிடெனிப் மருந்துக்கு 2024இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருப்பதால், இந்த அளவீட்டின் தேவை இனிக் கூடும்.

நான்காம் விடை: உதிர்ந்த டி.என்.ஏ.

செல் இறக்கும்போது அதன் டி.என்.ஏ. துண்டுகளாகி வெளியே சிந்துகிறது. செல்லுக்கு வெளியே இத்தகைய துண்டுகள் ரத்தத்தில் உள்ளன என்று மாண்டெல், மெத்தே என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் 1948இலேயே கண்டனர். கட்டியின் துண்டுகளைத் தனித்து அறியும் நுட்பம் வர அரை நூற்றாண்டு ஆனது. பிற புற்றுகளில் ரத்தமே போதும் என்ற நிலை உருவாகிவந்தபோது, மூளைக்கட்டி மட்டும் வழிக்கு வரவில்லை. 2014இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், முற்றிய கணையம், பெருங்குடல், சூலகப் புற்றுகளில் 75 விழுக்காட்டுக்கு மேல் ரத்தத்தில் கட்டி டி.என்.ஏ. கிடைத்தது, கிளையோமாவில் 10 விழுக்காட்டுக்கும் குறைவு. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பு இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

தண்டுவட நீர் அந்தத் தடுப்புக்கு உட்புறம் இருக்கிறது. அதில் இயல்பான செல்கள் மிகக் குறைவு. ஆகவே இயல்பான டி.என்.ஏ.வின் இரைச்சலும் குறைவு. 2015இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூளை, தண்டுவடக் கட்டிகள் உள்ள 35 பேரின் நீரைச் சோதித்தனர். 74 விழுக்காட்டினரிடம் கட்டியின் டி.என்.ஏ. கிடைத்தது. எண்ணைவிட முக்கியம் அதன் பின்னிருந்த ஒழுங்கு. மெடுலோபிளாஸ்டோமா, எபெண்டைமோமா, கடுமையான கிளையோமா ஆகியவற்றுள் நீர்ப்பரப்பை ஒட்டியிருந்த 21 கட்டிகளிலும் டி.என்.ஏ. கிடைத்தது. நீரைத் தொடாமல் மூளைத் திசுவுக்குள் புதைந்திருந்தவற்றில் கிடைக்கவில்லை. கட்டியின் குணத்தோடு அது இருக்கும் இடமும் விடையைத் தீர்மானிக்கிறது என்று இந்த ஆய்வு பளிச்சென்று காட்டியது.

பின்வந்த ஆய்வுகள் இதை மறுக்கவில்லை. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் 2016இல், மூளைக்குப் பரவிய புற்றுடைய 32 பேரில் 20 பேரிடமும், மூளையில் பிறந்த கட்டியுடைய 12 பேரில் 6 பேரிடமும் மரபணு மாற்றங்கள் கிடைத்தன. மூளையில் புற்று இல்லாத 9 பேரில் ஒருவரிடமும் கிடைக்கவில்லை. அதே மையம் 2019இல் 85 கிளையோமா நோயாளிகளைப் பார்த்தபோது 42 பேரிடம் கிடைத்தது. கிடைத்தவர்களுக்கு நோய் கூடுதலாகப் பரவியிருந்தது, ஆயுளும் குறைவாக இருந்தது. நீரில் கண்ட மாற்றங்கள் திசுவில் கண்டவற்றோடு பெரிதும் ஒத்துப்போயின. சிகிச்சைக்குப்பின் கட்டி எடுத்த புதிய வடிவத்தையும் அவை காட்டின.

மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில் குழந்தைகளுக்கு வரும் பரவல் கிளையோமாவில் இந்த விடைக்குத் தனி மதிப்பு உண்டு. கத்தி எளிதில் புக முடியாத இடம் அது. 2012இல், இக்கட்டிகள் பலவற்றில் எச்3 கே27எம் என்ற ஒரே மாற்றம் திரும்பத்திரும்ப வருவதைக் கண்டனர். எதைத் தேட வேண்டும் என்று முன்பே தெரிந்தால் தேடுவது எளிதாகிறது; சொற்ப டி.என்.ஏ.வையும் பெருக்கி எண்ணும் டிஜிட்டல் பி.சி.ஆர். முறையில் நீரில் இந்த மாற்றத்தைக் காண முடிகிறது. லிம்போமாவில் எம்.ஒய்.டி.88 மாற்றத்துக்கும் இதே நியாயம் பொருந்தும்.

இதே விடையின் கிளைகளாக வேறு சில தேடல்களும் நடக்கின்றன. கிளியோபிளாஸ்டோமா செல்கள் வெளிவிடும் நுண்பைகளில் கட்டிக்குரிய ஆர்.என்.ஏ. இருக்கிறது என்று 2008இல் தெரிந்தது. தண்டுவட நீரின் நுண்பைகளில் ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவின் ஒரு மாறிய வடிவத்தைத் தேடிய ஆய்வு, தவறாகச் சுட்டாத திறன் 98 விழுக்காடு என்றும் கண்டுபிடிக்கும் திறன் 61 விழுக்காடு என்றும் சொன்னது. டி.என்.ஏ. மீது ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகளின் ஒழுங்கைக்கொண்டு கட்டியின் வகையைச் சொல்லும் முறை 2018இல் திசுவில் நிலைநாட்டப்பட்டது. அதை, டி.என்.ஏ.வைப் படிக்கும் நானோபோர் கருவியின் துணையோடு நீரில் செய்து பார்க்கும் முயற்சிகள் இப்போது நடக்கின்றன. ஒரு மாற்றத்தை மட்டும் தேடாமல் வகை முழுவதையும் கேட்பதால் இதன்மேல் நம்பிக்கை அதிகம். ஆனால் நீரில் கிடைக்கும் டி.என்.ஏ. பல சமயம் மிகச் சொற்பம் என்பது இதற்கும் தடையாகிறது.

கண்டறிவதிலிருந்து கண்காணிப்புக்கு

நோயைப் பெயரிடுவது ஒரு வேலை. அது போகிறதா திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது வேறு வேலை. இந்த இரண்டாம் வேலையில் மிக உறுதியான சான்று மெடுலோபிளாஸ்டோமாவிலிருந்து வருகிறது. 2021இல் வெளியான ஆய்வில் 123 குழந்தைகளிடமிருந்து 476 நீர் மாதிரிகள், முன்கூட்டியே வகுத்த ஒரு சிகிச்சைத் திட்டத்தின் போக்கில் சேகரிக்கப்பட்டிருந்தன. சிகிச்சைக்கு முன், நோய் பரவிய குழந்தைகளில் 85 விழுக்காட்டினரிடம் கட்டி டி.என்.ஏ. இருந்தது, ஓரிடத்தில் நின்ற நோயில் அதைவிடக் குறைவு. சிகிச்சை நடக்க நடக்கப் பலரிடம் அது மறைந்தது. மறையாதவர்களுக்கு நோய் முற்றும் ஆபத்து கணிசமாகக் கூடியிருந்தது. நோய் திரும்பிய குழந்தைகளில் பாதிப் பேரிடம், படம் காட்டுவதற்கு முன்பே நீர் காட்டிவிட்டது.

இந்தப் பாதிக்கு இரண்டு பக்கம் உண்டு. பாதிப் பேருக்கு முன்னெச்சரிக்கை கிடைத்தது உண்மை. மற்றப் பாதிப் பேருக்குக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. முன்னெச்சரிக்கை கிடைத்த குழந்தைக்கு என்ன செய்வது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. திரும்பிவரும் மெடுலோபிளாஸ்டோமாவுக்கு நல்ல மருந்து இல்லாதவரை, சில மாதம் முன்னால் தெரிந்துகொள்வது குடும்பத்துக்கு நன்மையா சுமையா என்பதை எண்கள் மட்டும் சொல்லாது.

கிளியோபிளாஸ்டோமாவில் பொய் வளர்ச்சியை மெய் வளர்ச்சியிலிருந்து பிரிக்கும் பணிதான் மிகவும் தேவைப்படுவது. சான்று மெலிந்திருப்பதும் அங்கேதான். திரும்பத்திரும்ப நீர் எடுக்க வேண்டுமே என்ற தடையைக் கடக்க, தலைத்தோலின்கீழ் பொருத்தி மூளையறையோடு இணைக்கும் சிறு நீர்த்தேக்கப் பையைச் சில மையங்கள் பயன்படுத்துகின்றன. பாகிஸ்தானில் பிறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் அயூப் ஓமாயா 1963இல் உருவாக்கிய இக்கருவி, மருந்து செலுத்துவதற்காக வந்தது. இன்று மாதிரி எடுக்கவும் உதவுகிறது. ஆனால் பையிலிருந்து எடுக்கும் நீரும் இடுப்பிலிருந்து எடுக்கும் நீரும் ஒன்றல்ல என்பதால், ஒன்றின் எண்ணை மற்றதோடு ஒப்பிட முடியாது.

ஆய்வுகளை வாசிக்கும்போது பார்க்க வேண்டியவை

இத்துறையின் கட்டுரைகளில் வரும் உயர்ந்த விழுக்காடுகளை ஏற்குமுன் சில கேள்விகளைக் கேட்பது நல்லது. முதலில், யாரோடு யாரை ஒப்பிட்டார்கள்? கட்டி உள்ளவர்களை நலமானவர்களோடு ஒப்பிட்டால் எந்தக் குறிப்பானும் அழகாகத் தெரியும். மருத்துவருக்கு உண்மையில் வேண்டியது, கட்டியையும் கட்டிபோலத் தோன்றும் பிற நோய்களையும் பிரிப்பது. இந்தியாவில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. இங்கே மூளைச்சவ்வுக் காசநோயும் மூளைக்குள் வரும் காசக்கட்டியும் நாடாப்புழுக் கட்டிகளும் அடிக்கடி காணப்படுபவை. புரதம் உயர்வதும் அழற்சிப் பொருள்கள் கூடுவதும் இவற்றிலும் நிகழும். காசநோய் அரிதான நாடுகளில் வகுத்த வரம்பெண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் தவறிழைக்க நேரலாம்.

அடுத்தது, எவருடைய நீர் ஆய்வுக்கு வந்தது? மண்டைக்குள் அழுத்தம் மிகுந்தவர்களிடம் நீர் எடுப்பது ஆபத்து என்பதால் அவர்கள் பெரும்பாலும் ஆய்வுக்கு வெளியே நிற்பார்கள். பெரிய கட்டியுடையவர்களில் பலர் இப்படி விடுபட்டால், கிடைக்கும் விழுக்காடு நோயாளிகள் எல்லோருக்கும் பொருந்தாது. சில ஆய்வுகளில் அறுவை மேசையிலேயே, கட்டிக்குப் பக்கத்திலிருந்து நீர் எடுத்திருப்பார்கள். அதே முடிவை இடுப்பு ஊசியிலிருந்து எதிர்பார்க்கக் கூடாது.

கையாளும் முறையும் முக்கியம். எவ்வளவு நீர், எந்தக் குழாய், எத்தனை மணி நேரத்தில் சுழற்றிப் பிரித்தார்கள் என்பவை மையத்துக்கு மையம் வேறுபடுகின்றன. உடைந்த செல்களிலிருந்து கசியும் இயல்பான டி.என்.ஏ. கட்டியின் மெல்லிய குரலை அமுக்கிவிடும்.

நோயாளியின் வேதனையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நீர் எடுத்தபின் வரும் தலைவலி உட்காரவும் விடாது. 2018இல் 31,000க்கும் மேற்பட்டவர்களின் தரவைத் தொகுத்த ஓர் ஆய்வு, பழைய வெட்டுமுனை ஊசியால் 11 விழுக்காட்டினருக்கு வந்த இத்தலைவலி, திசுவை விலக்கிச் செல்லும் முனையுடைய ஊசியால் 4.2 விழுக்காட்டினருக்கே வந்தது என்று காட்டியது. எந்தக் குறிப்பானைத் தேடினாலும், ஊசியை மாற்றுவது இன்றே செய்யக்கூடிய முன்னேற்றம்.

இன்றைய மதிப்பீடு

நான்கு விடைகளையும் அருகருகே வைத்தால், ‘தண்டுவட நீர் மூளைக்கட்டியைக் காட்டுமா’ என்ற ஒற்றைக் கேள்விக்கு ஒற்றை விடை இல்லை என்பது தெளிவாகிறது. கருவணுக் கட்டிகளின் குறிப்பான்களும் மெடுலோபிளாஸ்டோமாவின் செல் ஆய்வும் நிலைபெற்றவை. அவை சிகிச்சை முடிவை மாற்றுகின்றன. மூளை லிம்போமாவில் புரதங்களும் மரபணு மாற்றமும் சேர்ந்து திசுச் சோதனைக்கு வலுவான துணையாகின்றன. திசு எடுக்கவே முடியாதவர்களுக்கு ஒரு வழியாகவும் அமையக்கூடும். மூளைச்சவ்வுக்குப் பரவிய புற்றுகளில் செல் எண்ணிக்கையும் டி.என்.ஏ.யும் பழைய நுண்ணோக்கி ஆய்வின் குறையை நிரப்புகின்றன. மூளைத்தண்டுக் கிளையோமாவில் நம்பிக்கை பெரிது. கிளியோபிளாஸ்டோமாவைக் கண்காணிப்பதிலும், மெதுவாக வளரும் கிளையோமாக்களைக் கண்டறிவதிலும் இன்னும் அவ்வளவு உறுதி இல்லை.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று சொல்லலாம். கட்டிக்கே உரிய ஒரு மாற்றத்தை நீர் ‘உண்டு’ என்று காட்டினால் பெரும்பாலும் நம்பலாம். ‘இல்லை’ என்று சொன்னால், கட்டி இல்லை என்று பொருளாகாது. கட்டி நீரைத் தொடவில்லை, நீர் போதவில்லை, நேரம் தவறிவிட்டது என்று வேறு பொருள்களும் உண்டு. நோயாளிக்கு முடிவை விளக்கும் ஒவ்வொரு மருத்துவரும் இந்த வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். ‘ஒன்றும் இல்லையாம்’ என்று மகிழ்ந்து வீடு திரும்பும் குடும்பம் சில மாதங்களில் உடைந்துபோவதைத் தடுக்க அந்த ஒரு விளக்கம் உதவும்.

திறந்து நிற்கும் கேள்விகள் மூன்று. நீரைத் தொடாத கட்டிகளின் தடத்தை மெத்தில் குறிகளோ நுண்பைகளோ தருமா? எல்லா மையங்களும் ஏற்கும் ஒரே சேகரிப்பு முறையும் வரம்பெண்ணும் வருமா? இவை இரண்டையும்விடக் கடினமானது மூன்றாவது: நீரின் சொல்லைக் கேட்டுச் சிகிச்சையை மாற்றியவர்கள், படத்தை மட்டும் நம்பியவர்களைவிட நீண்ட நாள், நல்லபடியாக வாழ்ந்தார்களா? கிளையோமாவில் இதை உறுதியாகக் காட்டிய பெரிய ஒப்பீட்டு ஆய்வு இன்னும் இல்லை.

புட்ரெசினின் கதை இங்கே நினைவுக்கு வர வேண்டும். நோய் திரும்புவதை முன்னறிவிக்கும் திறன் இருப்பதாகத் தோன்றிய ஒரு சோதனையும் மருத்துவர்களின் கையில் நிலைக்காமல் போனது. இன்றைய டி.என்.ஏ. ஆய்வுகள் அந்தச் சோதனையைவிட நுட்பமானவை, உயிரியல் அடிப்படையும் வலுவானவை. ஆனாலும் அவை நிலைக்குமா என்பதை ஆய்வகத்தின் துல்லியம் மட்டும் முடிவுசெய்யாது. முதுகை வளைத்து, வலியைப் பொறுத்து, பத்து மில்லிலிட்டர் நீரைத் தந்த நோயாளிக்கு அதற்கு ஈடாக என்ன கிடைத்தது என்பதை ஒவ்வொரு ஆய்வும் காட்ட வேண்டும்.